ரெஜினா டீச்சர் கேட்ட குதிரைத்திறன்

ரெஜினா டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் குருவிநத்தத்தில் எங்கள் கரும்புக் கொல்லையில் வெட்டாட்களோடு நின்றுகொண்டிருந்தேன். அவருடைய தங்கை பிலோமினா ஒதியம்பட்டிலிருந்து பேசினார். “சார், அக்கா போயிட்டாங்க. பூசைக்குக் கெளம்பும்போது நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…” எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்தச் சனிக்கிழமை அவருடைய காரை மறுபடி ஓட்டிப் பார்ப்பதாக இருந்தோம். அவ்வளவு பாடுபட்டு ஒரு வேலையைக் கடைசிக்குக் கொண்டுவந்துவிட்டு இப்படியா கிளம்புவது?

துக்க வீட்டுக்கு வந்திருந்தவர்களில் பலர் அவரைப் பொறுமைசாலி என்று சொன்னார்கள். பாகூர் பக்கத்து அரசுப் பள்ளியில் அவர் கணக்கும் நான் இயற்பியலும் நடத்தினோம்; இருவருக்கும் ஒரே ஆசிரியர் அறை. அவர் ஓய்வு பெற்ற பிறகும் நட்பு விட்டுப்போகவில்லை. அந்த உரிமையில் சொல்கிறேன்: அவருக்குப் பொறுமை கிடையாது. இருந்திருந்தால் அந்தக் காரை என்றைக்கோ மூடிப்போட்டு நிறுத்தியிருப்பார்.

அது இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேற்கூரையைக் கழற்றிவைக்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து திரும்பிய அவருடைய கணவர் அந்துவான் ஆசைப்பட்டு வாங்கியது. அவர் இருந்தவரைக்கும் டீச்சருக்கு அதில் பக்கத்து சீட்டு மட்டும்தான். “நீ உக்காந்து வேடிக்க பாரு” என்பாராம். அவர் போன பிறகு டீச்சர் சாவியை எடுத்தார். ஓட்டிய சில நாட்களிலேயே என்னிடம் வந்து, “சார், பாக்கறதுக்குத்தான் சிங்கம். ஓடறதுல ஒண்ணும் இல்ல. இதுக்குப் பவரு வேணும்” என்றார். இந்த வயதில் எதற்கு என்று கேட்டேன். “ஆம்பளைங்க கேட்டா இன்னா வண்டின்னு கேக்கறீங்க. நான் கேட்டா இன்னா வயசுன்னு கேக்கறீங்க” என்றார்.

படித்துப் பார்த்து அவரே முடிவுக்கு வந்தார். எஞ்சினின் நான்கு சிலிண்டரிலிருந்தும் வரும் புகை, வெளியே வந்த உடனேயே ஒரு குட்டையான வார்ப்பிரும்புக் குழாய்க்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு போகிறது. நான்குக்கும் தனித்தனியாக, ஒரே நீளத்தில் வளைந்த குழாய், அதாவது பெண்ட் பைப், செய்து, அப்புறம் ஒன்றாகச் சேர்த்தால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும். இதைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு வில்லியனூரில் ஒரு பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் வேலு, தாளை வாங்கி மேசைமேல் வைத்து அதன்மேல் டீ கிளாசை வைத்தார். “இதெல்லாம் எதுக்கு டீச்சர்? சைலன்சரத் தூக்கிட்டு நல்லா அகலமா ஒரு பைப்பு போட்டு விட்டர்றேன். பிச்சிக்கினு போவும்.”

பிய்த்துக்கொண்டு போனது சத்தம்தான். மாதா கோயில் திருவிழாவன்று டீச்சர் கோயில் வாசலில் வண்டியைக் கிளப்ப, உள்ளே சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார். அன்றைக்கே ஆரியப்பாளையம் பாலத்தின் ஏற்றத்தில், காய்கறி ஏற்றிய டெம்போ ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. போகிறபோது டிரைவர் தலையை வெளியே நீட்டி, “இன்னா டீச்சர், பிளேனு கெளம்பலயா?” என்றான். டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. குழாய் அளவுக்கு மீறி அகலமானால் புகையின் வேகம் குறைந்து, கீழ் வேகத்தில் இழுவை போய்விடும். சைலன்சரைத் தூக்கியதற்கு ஏற்ப கார்பரேட்டரையும் திருத்தவில்லை. பெட்ரோல் போதாமல் வண்டி பின்னால் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. இத்தனையும் வேலுவிடம் சொன்னதற்கு அவர், “சத்தம் வந்துச்சுன்னா பவரு வந்துச்சுன்னுதான் அர்த்தம் டீச்சர்” என்றார்.

“அப்படின்னா என் கிளாசுல சத்தம் போட்ட பசங்க எல்லாம் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்திருக்கணும்!” என்று டீச்சர் பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

அடுத்து கடலூரில் ஒரு பட்டறை. அங்கே பெண்ட் பைப் செய்தார்கள், ஆனால் நான்கும் நான்கு நீளம். கேட்டதற்கு, “இடம் பத்தல மேடம், அட்ஜஸ்ட் பண்ணியிருக்கோம்” என்றார்கள். ஒரு பைப் ஸ்டியரிங் தண்டில் உரசியது. என்னைப் பார்த்து, “சார், நீங்க சொல்லுங்க, மேடத்துக்குப் புரியல” என்று வேறு சொன்னார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. திரும்பும் வழியில் தவளக்குப்பம் தாண்டியதும் டீச்சர், “என்னப் பாத்து ஒரு வார்த்த பேசலயே சார். காரு என்னுது, கணக்கு என்னுது, பதில் மட்டும் உங்களுக்கு” என்றார்.

விட்டுவிடுங்கள் என்று பிலோமினா சொன்னார், நானும் சொன்னேன். டீச்சர் கேட்கவில்லை. மீண்டும் வேலுவிடமே போனார். இந்த முறை பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு பைப்பையும் வளைக்கும்போது அளந்தார், தப்பாக இருந்தால் வெட்டச் சொன்னார். வேலு எங்களை முறைத்தார், பல நாள் பேசாமலே வேலை செய்தார், ஒரு நாள் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். டீச்சர் நாற்காலியை விட்டு எழவில்லை. வேலு திரும்பி வந்தபோது, “சாப்ட்டியாப்பா? வா, மூணாவது பைப்பு பாக்கி” என்றார். நடுத்தர அகலத்தில் குழாய், முறையான சைலன்சர், அதற்கேற்பத் திருத்திய கார்பரேட்டர் என்று ஒருவழியாக எல்லாம் அமைந்தது.

எங்கள் கொல்லையை ஒட்டிய நேரான சாலையில்தான் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது கியரில் ஒரு கரண்டு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பம் வரை. டீச்சர் ஓட்டினார், நான் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். முன்பு நடுவழியில் மூச்சு வாங்கிய வண்டி இந்த முறை என் முதுகைச் சீட்டோடு அழுத்தியது. சத்தம் சீராக, அடக்கமாக இருந்தது. வரப்பில் நின்ற என் அப்பா, “இன்னாபா, இப்பதான் வண்டி மாதிரி போவுது” என்றார். நான் சந்தோஷத்தில் கைதட்டினேன். டீச்சர் வாட்சை வாங்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். “கூடியிருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் வரும் சார். அடுத்த சனிக்கெழம பாப்போம்.” எனக்கு அவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. ஒரு நாளாவது சந்தோஷப்பட்டுத் தொலைக்கக் கூடாதா?

அந்தச் சனிக்கிழமை வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வேலு ஓரமாக நின்று தேம்பித் தேம்பி அழுதார். டீச்சரின் அண்ணன் காரை விற்றுவிட்டார். வாங்கிய இளைஞர் என்னைத் தேடி வந்து, “சார், வண்டி சூப்பர். சத்தந்தான் பத்தல. பைப்ப கழட்டிட்டு அகலமா போடலாம்னு இருக்கேன்” என்றார். வெயிலில் நின்று, தரையில் குச்சியால் படம் போட்டு விளக்கினேன். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டியும் பார்த்தார். வண்டி சீறிப் பாய்ந்தது. நிறுத்திவிட்டு, “செமயா இழுக்குது சார்” என்றவர், கொஞ்சம் யோசித்து, “ஆனா யாருக்கும் கேக்கலயே” என்றார். நான் கதவைத் திறந்து இறங்கி நடந்தேன்.

டீச்சரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று யோசித்துப் பார்த்தேன். நல்ல குணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சென்ற வாரம் கொல்லை மோட்டாரைப் பழுது பார்த்த மெக்கானிக், “தண்ணிதான் வருதுல்ல சார், அப்புறம் இன்னா?” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். முன்பென்றால் தலையாட்டி அனுப்பியிருப்பேன். “வர வேண்டிய அளவு வர்ல. கழட்டுப்பா” என்றேன். முணுமுணுத்தபடி ஸ்பேனரைத் திரும்ப எடுத்தான். நான் பக்கத்திலேயே வரப்பின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.