வெட்டி எறிந்த கதவு

மராத்தி பேசும் ஊரில் எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு ஆசிரியரானதும் என் வாயில் அடிக்கடி வந்த சொல் ஒன்றுதான்: ஆதாரம். ஹடப்சரில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலை எனக்கு. எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். அந்தத் திமிரை அப்படியே மலருக்குள்ளும் கொண்டுவந்தேன்.

ஊரின் மறுகோடியில் இருக்கும் தாபோடியிலிருந்து ஓர் அம்மா நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பை முதலில் ஆரம்பித்தது, தொழிற்சாலையில் வேலை பார்த்து இறந்துபோன தன் கணவர்தான் என்று. சங்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை வேறு. ஆரம்பித்தது அப்போதைய தலைவர். 'வகுப்புத் தொடக்க நாள்' என்று பின்பக்கத்தில் எழுதிய புகைப்படமே இருந்தது.

அந்த அம்மாவுக்கு போன் செய்தேன்.

"போட்டோ, நோட்டீஸ் ஏதாவது இருக்குங்களாம்மா?"

"ஃபேக்டரி ஆளுங்ககிட்ட அப்ப ஏது தம்பி கேமரா? எங்க வீட்லதான் நடந்துச்சு. பசங்களுக்கு நான்தான் சாய் போட்டுக் குடுப்பேன். தலைவர் ஒருநாள் வந்தாரு, மாலை போட்டுக்கிட்டாரு, போயிட்டாரு. அவ்ளோதான்."

"சம்சாரம் சொல்றத ஆதாரமா எடுத்துக்க முடியாதுங்கம்மா."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னேன்! இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்த அம்மா, "ஒரு தடவ அவரு பேரு அச்சுல வந்துட்டாப் போதும் தம்பி, பாத்துப் போடுங்க" என்று வைத்துவிட்டார்.

கணவர் வகுப்பு ஆரம்பித்த பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தைப் போட்டேன். எதிர்ப் பக்கத்தில் தலைவரின் அந்தப் புகைப்படம்.

மலர் வந்ததும் அந்த அம்மாவுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு தாபோடி போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகத் தேடினார். பெயர் இல்லை. "உக்காருங்க, அவல் போஹா பண்ணியிருக்கேன்" என்று உள்ளே போனார்.

அப்போதுதான் அறைக் கதவைப் பார்த்தேன். கறுப்புப் பெயின்ட். கீழ் மூலையில் உடைந்த இடத்தில் ஒரு தகரம் அடித்திருந்தது. அந்தத் தகரத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே! போனில், மலரில் போட்ட படத்தின் மூலத்தைத் திறந்தேன். மாலையோடு தலைவர். பின்னால் இதே கதவு, இதே தகரம். கதவு நிறையச் சாக்பீஸ் எழுத்து. மேலே 'பாடம் 23'.

தொடக்க நாளிலேயே இருபத்து மூன்றாம் பாடமா? அடப்பாவி, ஆதாரம் உன் கையிலேயே இருந்திருக்கிறது! பின்னணி அசிங்கமாக இருக்கிறதென்று, அச்சுக்குக் கொடுக்கும்முன் நானேதான் படத்திலிருந்து அந்தக் கதவை வெட்டியிருந்தேன்.

அந்த அம்மா தட்டை வைத்தார். "பேரு வராட்டிப் பரவால்ல தம்பி. நான் பொய் சொல்றேன்னு நெனச்சிட்டீங்க பாருங்க, அதான் கஷ்டமா இருக்கு."

போனை அவர் கையில் கொடுத்தேன். தலைவரை அவர் பார்க்கவே இல்லை.

"அவரு கையெழுத்து" என்று திரையைத் தடவினார். தடவத் தடவப் படம் நகர்ந்துகொண்டே போனது. திரும்பத் திரும்ப இழுத்து வைத்துக் கொடுத்தேன். வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்ட எந்த மலரிலும் அந்தக் கையெழுத்து இல்லை.