பாபநாசத்தில் ஆக்சிஜன் பார்த்த காலை

பாபநாசத்துக்குப் போகிறவர்கள் குளிக்கப் போவார்கள், கும்பிடப் போவார்கள், அணையைப் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒருவனிடம் திட்டு வாங்க. அவன் பெயர் இசக்கிமுத்து. ஒன்பதாம் வகுப்பில் டிசம்பர் வரைக்கும் பாளையங்கோட்டையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். இப்போது அந்த இடத்தில் என் பை உட்கார்ந்திருக்கிறது. போனது பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. போன இடத்தில் ஆக்சிஜனைக் கண்ணால் பார்க்கவும் கிடைத்தது. அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக நேரம், கட்டணம், தூரம் எல்லாம் எழுதுகிறேன். திட்டு வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கும் அதே பேருந்துதான்.

முதலில் நான் செய்த காரியம். இசக்கிக்குத் தூரத்துக் கோள்கள் மேல் பைத்தியம். வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் அந்த நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது, கோளைச் சுற்றியுள்ள காற்றின் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வடிகட்டி வரும். எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால் அங்கே என்ன வாயு இருக்கிறது என்று சொல்லலாம். சில வாயுக்கள் ஒன்றாக இருந்தால், அங்கே ஏதோ ஒன்று உயிரோடு இருக்குமோ என்று சந்தேகப்படலாம். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த எண்களை இணையத்தில் சும்மாவே தருகிறார்கள். இசக்கி அப்படி ஒரு கோப்பைப் பள்ளிக் கணினியில் இறக்கி, மூன்று மாதமாக வரைபடம் போட்டுக்கொண்டிருந்தான். அறிவியல் கண்காட்சியில் ஜெயித்தால் கோடையில் ஒரு வானாய்வுக்கூடத்தில் பத்து நாள் முகாம். அவனுக்கு வேண்டியது அந்தப் பத்து நாள்தான். வெற்றிக் கோப்பை, பரிசு எதுவும் கணக்கிலேயே இல்லை.

ஒரு மதியம் அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, மீத்தேன் தெரிய வேண்டிய இடத்தில் மூன்று எண்களை ஏற்றிவிட்டேன். கடைசி இலக்கங்கள் மேலிருந்து கீழாக 4, 2, 0. ஏமாற்றுக்காரனை நம் ஊரில் எந்த நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? அதேதான். சாயங்காலம் மீத்தேன் கிடைத்துவிட்டதென்று அவன் குதித்ததும் "கடைசி நம்பரப் படிலே" என்று சொல்லிச் சிரிப்பது திட்டம். ஆனால் சாயங்காலம் எனக்குக் கிரிக்கெட் இருந்தது. மறுநாள் நான் போவதற்குள் இசக்கி அறிவியல் சாரிடம் காட்டி, சார் தலைமையாசிரியரிடம் காட்டி, அசெம்பிளியில் கைதட்டல். நானும் தட்டினேன். எல்லாரையும் விடப் பலமாக.

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினோரு நாள் போனது. பன்னிரண்டாம் நாள் கண்காட்சி. நடுவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். மூலக் கோப்பைத் தன் மடிக்கணினியில் திறந்து, இசக்கியின் அட்டவணையோடு வரி வரியாக ஒப்பிட்டார். மூன்று வரி ஒட்டவில்லை. கடைசி இலக்கங்களைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"நானூத்தி இருவதுன்னு எழுதி வச்சி எங்களையே கேலி பண்ணுதியாடே?"

இசக்கி தாளைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி, பார்வையாளர் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே மௌனம் இல்லை. பள்ளியில் அவனுக்குப் பட்டப்பெயரே நானூத்தி இருபது என்றாகிவிட்டது. அரையாண்டு விடுமுறையோடு, சித்தி வீட்டில் தங்கிப் படித்தவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாபநாசத்தை ஒட்டிய சொந்த ஊரான விக்கிரமசிங்கபுரத்துக்கே போய்விட்டான். அவன் அப்பாவுக்குப் பாபநாசம் மின்நிலையத்தில் வேலை. பாவம் செய்தது நான். பாவம், போனது அவன்.

இனிப் பயணம். காலை 4.30க்குப் பாளையிலிருந்து சைக்கிள். புதிய பேருந்து நிலையத்தில் சைக்கிள் நிறுத்த 10 ரூபாய். 4.55க்குப் பாபநாசம் பேருந்து, டிக்கெட் 40 ரூபாய், தூரம் 49 கிலோமீட்டர். இவ்வளவு சீக்கிரம் கிளம்பக் காரணம் இருக்கிறது. இசக்கியின் அம்மாவிடம் போனில் கேட்டபோது, "விடியக்காலம் கால்வாய்க் கரையில டப்பாவ வச்சிக்கிட்டு நிப்பான், அப்பம் வந்தாத்தான் புடிக்க முடியும்" என்றார்கள். மடியில் கால் கிலோ அல்வா, முந்தின நாள் ஜங்ஷனில் வாங்கியது, 90 ரூபாய்.

நடத்துநர் டார்ச் அடித்து முகத்தைப் பார்த்தார். "எங்கலே?"

"பாபநாசம் அண்ணாச்சி."

"இந்தக் குளுர்ல குளிக்கவா போற?"

"இல்ல, கொஞ்சம் பாவம் இருக்கு. எறக்கி வைக்கணும்."

"பாரம் பெருசா இருந்தா லக்கேஜ் போடுவேன், பாத்துக்க."

சேரன்மகாதேவி வரை இருட்டு. கல்லிடைக்குறிச்சியில் வானம் வெளுத்தது. அம்பாசமுத்திரத்தில் ஐந்து நிமிடம் நிற்பார்கள். டீ 12 ரூபாய், பைய ஊதிக் குடிக்க நேரம் கிடையாது. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பிசானப் பருவத்து நெல் பழுத்துக் கிடந்தது. வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் வழி முழுக்க மன்னிப்பு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன், எந்தப் பக்கம் அழகு என்று தெரியாது. 6.40க்கு இறங்கி, பத்து நிமிடம் நடந்தால் கால்வாய்க் கரை. முதுகுக்குப் பின்னால் மலை, கிழக்கே மறைப்பே இல்லாமல் வயல்.

இசக்கி கண்ணில் ஒரு செருப்பு டப்பாவை வைத்துக்கொண்டு நின்றான். திரும்பவில்லை.

"வெளிச்சத்த மறைக்காதலே."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அல்வாவை நீட்டினேன். அப்போதுதான் உறைத்தது, மன்னிப்புக் கேட்கப் போகிறவன் எடுத்துப் போகக்கூடாத ஒரே பலகாரம் அதுதான் என்று.

"திரும்பவும் அல்வாவா? போன தடவ குடுத்ததே இன்னும் செமிக்கல."

வசனம் மறந்துபோனது. அவன் டப்பாவை என் கையில் திணித்தான். ஒரு முனையில் இரண்டு பிளேடுத் துண்டுகளை நெருக்கி வைத்த சிறு பிளவு, மறுமுனையில் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்க ஒரு டிவிடி துண்டு. "சூரியனப் பாக்காத, கண்ணு போயிரும். பக்கத்து மேகத்தப் பாரு. என்ன தெரியுது?"

"வானவில்லு மாதிரி இருக்கு. செவப்போட கடைசியில கறுப்பா ஒரு கோடு."

"அது சூரியனோடது இல்ல. நம்ம காத்துல உள்ள ஆக்சிஜன் தின்ன எடம். இப்பம் சூரியன் தாந்து கெடக்கு, வெளிச்சம் நெறைய காத்தத் தாண்டி வருது, அதான் கோடு கறுப்பா இருக்கு. மத்தியானம் பாரு, மெலிஞ்சிரும்." வயலையும் பின்னால் இருந்த காட்டையும் காட்டினான். "எல்லாம் இதுங்க விட்ட மூச்சு. தூரத்துல இருந்து எவனாவது பாத்தா நம்மள இப்படித்தான் தெரியும்."

"ஒரு கோடாவா?"

"ஒரு கொறையா."

டப்பாவை இறக்காமலே, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். "நான்தாம்லே அத மாத்தினேன்."

"தெரியும். நானூத்தி இருவதுன்னு எழுதுத மூளை நம்ம வகுப்புல வேற எவனுக்கு இருக்கு?"

"பின்ன ஏம்லே அங்கன சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன். மூணாவது வரிசையில இருந்தியே. எந்திரிப்ப, எந்திரிப்பன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

மன்னிச்சிரு என்று சொன்னேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அவன் டப்பாவை வாங்கித் துணியால் துடைத்தான்.

"எத்தன கிலோமீட்டர் வந்திருக்க?"

"நாப்பத்தொம்பது."

"அந்தப் பேராசிரியர் வீடு?"

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. அவனுக்கும் தெரியும்.

"எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சத எங்கிட்டச் சொல்ல விடியுமுன்ன பஸ்ஸேறி வந்திருக்க. தெரியாதவர்ட்டல்லா சொல்லணும்? போலே. எட்டு மணிக்கு வண்டி இருக்கு."

எட்டு மணி வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் கோயில் படித்துறைக்குப் போனேன். குளித்தவர்கள் பாவத்தோடு சேர்த்து விட்டுப்போன வேட்டி, சேலை, டவுசர் எல்லாம் பாறையில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தன. அதையும் யாரோ ஒருவர்தான் இறங்கி அள்ள வேண்டும். நான் குளிக்கவில்லை.

9.40க்குத் திருநெல்வேலி. சைக்கிளை எடுத்து நேராக அந்த வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே பதினைந்து நிமிடம் நின்றேன், உள்ளே ஏழு நிமிடம். பேராசிரியர் முழுக்கக் கேட்டார்.

"நான் அவன வையும்போது நீ அங்கதான் இருந்தியோ?"

"மூணாவது வரிசை சார்."

"முகாமுக்குப் பட்டியல் போன மாசமே போயிட்டுடே. ஒரு மாசம் முன்ன வந்திருக்கப்பிடாதா?" என்று தாளும் பேனாவும் எடுத்துவந்து வைத்தார். நடந்ததை எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை அதையே அசெம்பிளியில் வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: ஆக்சிஜன் கோட்டைப் பாபநாசத்தில் காலையில்தான் பார்க்க முடியும். சாயங்காலம் சூரியன் தாழ்வதற்குள் மலை மறைத்துவிடும். சூரியன் எழுந்து அரை மணிக்குள் பாருங்கள், நேராகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. டப்பாவுக்குள் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். போகவர 80, சைக்கிள் 10, டீ 12. அல்வா வேண்டாம்.

அசெம்பிளியில் வாசித்த தாளைப் படம் எடுத்து இசக்கிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்று மாலை இரண்டு நீலக் குறி விழுந்தது. அங்கே ஆள் இருக்கிறான், பார்த்துவிட்டான் என்பதற்கு அதுதான் அடையாளம். மூன்று வாரமாக வேறு எதுவும் வரவில்லை. அவன் இடத்திலிருந்து என் பையை மட்டும் எடுத்துவிட்டேன்.

கடைசியாக, பேராசிரியர் வீட்டுக்கு வழி: எங்கள் தெருமுனையில் இடது, பிறகு வலது. நானூறு மீட்டர், கட்டணம் இல்லை. போக வேண்டிய மாதம் டிசம்பர்.