சந்தனப் பொட்டும் ஈயின் கண்ணும்

ஆயுத பூசைக்கு ஆய்வுக்கூடத்துக் கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தவள் பிரத்யுஷாதான். கணபதி வட்டாரத்தில் அவளுடைய அப்பாவின் லேத் பட்டறையில் ஸ்பேனருக்குக்கூடச் சந்தனப் பொட்டு உண்டு. ஈயின் கண்ணை ஆராய்கிற கருவி மட்டும் என்ன பாவம் செய்தது?

மறுவாரம் வம்பு வந்தது. பழ ஈயின் கண்ணில் வெளிச்சம் பட்டதும் செல்லில் நுண்ணிய வாசல்கள் திறக்கும். அவற்றின் வழியே கால்சியமும் சோடியமும் உள்ளே பாய, அந்த மின்சாரம்தான் நரம்புக்குச் சேதியாகும். கண்ணுக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியைச் செருகினால் திரையில் கோடு எழும்பி, விளக்கு எரிகிறவரை நிற்கும். புதிதாக வந்த வேறு வகை ஈக்களிடமோ, விளக்கு எரியும்போதே கோடு படுத்துவிட்டது.

"ஏனம்மணி, கண்ட எடத்துல சந்தனத்த அப்பிப்போட்டு இப்ப ஈயக் குத்தம் சொல்றியா?" என்றார் அவளுடைய வழிகாட்டி திருமூர்த்தி.

அவளுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு இணைப்பையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். கோடு மறுபடியும் படுத்தது.

"சார், நீங்க இங்கயே நில்லுங்க."

அதே கருவியில் சாதாரண ஈ ஒன்றை வைத்தாள். கோடு எழும்பி, அவள் விளக்கை அணைக்கும்வரை நின்றது. திரும்பவும் புது ஈ. படுத்தது.

"வெளிச்சம் இருக்குதுங்க சார். வாசல்தான் தெறந்து நிக்க மாட்டேங்குதுங்க."

திருமூர்த்தி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் சந்தனத்தைக் குழைத்து, துடைத்த பொட்டுகளை யாரையும் கேட்காமல் திரும்ப வைத்தாள். இந்த முறை, அந்த ஈக்கள் இருந்த குப்பிக்கும் ஒன்று.