பனித்தரையில் கல்லுப்பு

நுவரெலியா டவுனுக்குள் ஐஸ் சறுக்கு மண்டபம் கட்டினால் கரண்ட் செலவு பாதியாகக் குறையும், இங்கே குளிருக்கா பஞ்சம் என்று முதலாளி நம்பினார். அதுவரை துணிக்கடை நடத்தியவர். குளிர் உதவத்தான் செய்தது. கூடவே வந்த மூடுபனிதான் கெடுத்தது. கதவு கொஞ்சம் திறந்திருந்தால் போதும், உள்ளே நுழைந்து கூரையில் நீராகக் கோத்து, சொட்டிச் சொட்டிப் பனித்தரையில் கொப்புளமாக உறையும். அதைச் சுரண்டுவதற்கென்றே பிறந்தவன் போல் ஆனேன்.

தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பார்த்தவன் என்று என்னை எடுத்திருந்தார். திறப்புக்கு முன்பே தரையை உறையவைத்தாயிற்று. கரண்ட் போனால் ஐஸ் உருகுமுன் ஜெனரேட்டரைப் போட வேண்டும், இரவும் பகலும் ஆள் வேண்டும். ஆள் நான் ஒருவன்தான். தீபாவளிக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை.

பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. மண்டபம் திறந்ததும் பின்னாலுள்ள அறையைக் குடும்பத்துக்குத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். என் மனைவி கந்தப்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவள் வேலைக்குப் போகும்வரைதான் தோட்டம் கொடுத்த லயத்து அறை எங்களுக்கு. வேறு கூரை கிடைக்காமல் அவளால் தோட்டத்தை விட முடியாது.

திறப்புக்கு முதல் நாள் அறையைப் பார்க்க வந்தாள். நான் இளைத்துப் போனேனாம், ஊர்க்கண் பட்டதாம். கொண்டுவந்த கல்லுப்பை என் தலையைச் சுற்றினாள். சுற்றிய உப்பை அடுப்பிலோ தண்ணீரிலோ போட வேண்டும். அடுப்பு ஏது? நான் ஜெனரேட்டர் பக்கம் போன நேரத்தில் பனித்தரையில் போட்டுவிட்டாள். ஐஸும் தண்ணீர்தானே என்பது அவள் கணக்கு.

உப்பு விழுந்த இடமெல்லாம் குழி குழியாகக் கரைந்தது. முதலாளி வந்து கேட்டபோது அவள் மறைக்கவில்லை, கண் கழிய வேண்டும் என்றுதான் போட்டதாகச் சொன்னாள். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"ஐஸ் பக்கத்துல குடும்பம் சரிவராது. ரூம்ல நீங்க மட்டும் இருங்க" என்றார் என்னிடம்.

வேலையை உதறிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஃபெக்டரியில் என் இடத்துக்கு எப்போதோ வேறு ஆள் வந்தாயிற்று. விழுங்கிக்கொண்டேன். அவள் அழவில்லை. நாளைக் காலையில் கொழுந்துக்குப் போய்விடுவதாகச் சொன்னாள், லயத்தையாவது காப்பாற்ற வேண்டுமே.

பஸ் ஸ்டாண்ட் வரை போகலாம் என்று நானும் செருப்பை மாட்டினேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"கரண்டு போயிருமுங்க. நீங்க உள்ள போங்க."

முதலாளி சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை அது. அவள் வாயிலும் அதையே கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போனேன்.