செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு வராதவர்

தொடர்ந்து இரண்டாவது செவ்வாயும் அவர் வரவில்லை. வேதக்கோயிலின் பின்னறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நானும் மற்றதில் என் தொப்பியும் ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தோம். பிறகு வீடுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த நாய்கூட ஒதுங்கிப் போனது.

அவர் வாவியில் இறால் பிடிப்பவர். என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். அவரும் மனைவியும் வருகிற உயிர்த்த ஞாயிறன்று சேர்ந்து ஞானஸ்நானம் பெறுவதாக இருந்தது. மனைவி பெண்களுக்கான வகுப்பை முடித்துவிட்டார். இவருக்குத் துணையாக இருந்து, வேதம் வாசித்து ஜெபிக்கப் பழக்கும்படி போதகர் என்னை நியமித்திருந்தார். அரசாங்கக் கச்சேரியில் வெள்ளைக்காரத் துரையின் கீழ் எழுத்துவேலை பார்க்கும் கிளாக்கர், நேரம் தவறாத மனிதன் என்பதுதான் என் தகுதி. செவ்வாய்தோறும் ஐந்து மணி. இரண்டு முறை தவறினால் பட்டியலில் பெயர் இராது. மனைவி தனியாகத்தான் நிற்க வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைப் பார்க்காமல் இன்னொருவர் முன் வாய்விட்டு ஜெபித்தது என் வாழ்நாளில் கிடையாது. முதல் நாள் ஐம்பது நிமிடம் பகிடி விட்டு அவரைச் சிரிக்கவைத்தேன். கடைசியில் "ஆண்டவரே" என்று தொடங்கி, அடுத்த சொல் வராமல், "ஆமென்" என்று முடித்தேன். அந்த மனிதர் கண்ணை மூடியபடி இன்னும் காத்திருந்தார். ஆகையால், அவர் வராத முதல் செவ்வாய் எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். அதை மறைக்கத்தான் இரட்டிப்பாகக் கோபப்பட்டேனோ என்னவோ.

புதன் காலை, கச்சேரிக்குப் போகுமுன் வாவிக்கரைக்குப் போனேன். பிடித்த இறாலைக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மனிசன் நீங்க? சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாதா?"

"இது இருட்டுக் காலமெல்லோ, கிளாக்கர் ஐயா. நிலவில்லாட்டித்தான் இறால் ஓடும். நாலு மணிக்கே தோணிய இறக்காட்டி இடம் கிடையாது."

"அத முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னன், முதல் நாளே. நீங்க அதுக்கொரு பகிடி விட்டீங்க. நானும் சிரிச்சன்."

நினைவு வந்தது. 'இறால் எந்த நேரமும் தண்ணிக்குள்ளதானே, அதுக்கு ஞானஸ்நானம் எதுக்கு' என்று கேட்டிருந்தேன். என்னை நானே அறையலாம்போல இருந்தது.

"காலம கரைக்கு வந்து பாக்கிறன், கூடை கொண்டந்த மனிசி கண் வீங்கிப்போய் இரிக்கா," என்றார் கூடையைப் பார்த்தபடி. "தனிய நிக்கமாட்டன் எண்டுறா."

நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். பட்டியலில் இறால்காரரின் பெயர்மேல் ஏற்கெனவே கோடு இழுத்திருந்தார்.

"ஒழுங்கில்லாத ஆள் விசுவாசத்தில எப்பிடி நிலைப்பார்?"

"ஐயா, உயிர்த்த ஞாயிறு எண்டைக்கு வரும் எண்டு எதைப் பாத்துக் குறிக்கிறாங்க?"

"பூரணையைப் பாத்துத்தான்."

"அப்ப கோயில் நிலவைப் பாக்கலாம், அந்த மனிசன் பாக்கக்கூடாதோ?" என் குரல் உயர்ந்துவிட்டது. "தகப்பன் காலத்திலயிருந்து பிறைக்குப் பிறை பிசகாமல் தொழில் செய்யிறார். அவருக்கு ஒழுங்கிருக்கு. அவரைக் கேக்காமல் செவ்வாய்க்கிழமை குறிச்ச எங்களுக்குத்தான் இல்ல!"

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. போதகரிடமே சத்தம்போட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

போதகர் கலண்டரை எடுத்து, பூரணை வரைக்கும் நாட்களை விரலால் எண்ணினார். "சரி. விட்டதெல்லாத்தையும் பண்டிகைக்கு முதல் முடிக்கவேணும். நிலவு ஏறத் தொடங்கினதும் நாள்தோறும். நீர் வாவிக்கரைக்குப் போவீரா?"

நாள்தோறும்! வாரம் ஒரு ஜெபத்துக்கே வழியில்லாதவன் நான். வாய் என்னைக் கேளாமல் "ஓம்" என்றுவிட்டது.

வாவிக்கரையில், கவிழ்த்த தோணியின் மேல், பத்து மாலை உட்கார்ந்தோம். நாலாம் நாள் என் ஜெபம் பாதியில் தடக்கி நின்றது. மிச்சத்தை அவர் சொல்லி முடித்தார், ஆற அமர, பக்கத்தில் இருப்பவரோடு கதைப்பதுபோல. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பழக்க வந்தவன் நானல்லவா!

உயிர்த்த ஞாயிறன்று அவரும் மனைவியும் சேர்ந்தே நின்றார்கள். வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்தார்.

"இனி நிலவு தேயுது. இருட்டுக்குள்ள என்னைத் தேடாதீங்க ஐயா. மறுகா, புதுப்பிறை கண்டாப்போல வாறன்."

"ஆர் தேடப்போறது?" என்று சீறினேன்.

புதுப்பிறை தெரிவதற்கு மூன்று நாள் முன்னமே வாவிக்கரையில் போய் நின்றேன்.