இரண்டாம் பக்கத்து ஊர்கள்

எங்கள் பக்கத்தில் ஏஜென்ட் என்றால் பிளாட் விற்கிறவர்தான். ஏஐ ஏஜென்டுக்கு எழுதிக் கொடுக்கிற வேலை என்று சொன்னால், "சென்ட் என்ன விலைக்குப் போகுது?" என்று கேட்கிறார்கள்.

இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: ஒரு பால் கம்பெனி, மாடு வைத்திருப்பவர்கள் போன் செய்தால் பேச ஓர் ஏஐ ஏஜென்டை வைக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னால், அந்த ஊரின் ஃபைலைத் திறந்து, பக்கத்து மாட்டு டாக்டரை அனுப்பும். எந்தெந்த ஊருக்கு ஃபைல் இருக்கிறது என்று அதற்குப் பட்டியல் காட்ட ஒரு டூல். ஏஜென்ட் அந்த டூலிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று எழுதுவதும், எழுதியபடி நடக்கிறதா என்று சோதிப்பதும் திருப்பதி ஆபீஸில் என் வேலை. ஊர் கிடைக்கவில்லையென்றால் டாக்டர் வரமாட்டார். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழி கேட்காதவர்

முதல் சோதனையில் பாகாலா என்ற ஊரைக் கேட்டோம். ஏஜென்ட் பட்டியலைப் பார்க்காமலேயே, தானாக ஒரு ஃபைல் பெயரைக் கற்பனை செய்துகொண்டு திறக்கப் போனது. இல்லாத ஃபைல் எப்படித் திறக்கும்? மன்னிப்புக் கேட்டது, இன்னொரு பெயரைக் கற்பனை செய்தது, மறுபடி மன்னிப்பு.

பக்கத்து நாற்காலி கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க ஊட்டுக்காரரேதான் அக்கா. யாரையும் வழி கேக்கமாட்டாரு. ராங்கா போய்க்கினே இருப்பாரு, சாரி மட்டும் கரெக்டா சொல்லுவாரு."

கல்யாணப் பத்திரிகை

"முதலில் பட்டியலைக் கேள், பிறகு திற" என்று எழுதினேன். இப்போது வணக்கம் சொன்னாலும் பட்டியலைக் கேட்டது. அதற்கொரு வரி, இதற்கொரு வரி என்று எழுதி எழுதி, என் கிராமத்துப் பள்ளிக்கூட இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம் ஆகிவிட்டது. எங்கள் லீட் ரமணா சார் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனார்.

"ஏம்மா, இது டூல் டாக்குமெண்டா, கல்யாணப் பத்திரிகையா? இத்தனை மாமன் பேரு எதுக்கு?"

அடுத்த பக்கம்

டூல் ஒரு தடவைக்கு நூறு ஊர்தான் காட்டும். இங்கிலீஷ் எழுத்து வரிசை. கடைசியில் "இன்னும் இருக்கிறது" என்று ஒரு குறி. ஏஜென்ட் அந்தக் குறியைக் கவனிப்பதே இல்லை. முதல் பக்கத்தில் இல்லாத ஊர் அதற்கு உலகத்திலேயே இல்லை. "குறி இருந்தால் அடுத்த பக்கத்தையும் கேள், அதற்கு முன் இல்லை என்று சொல்லாதே" என்று எழுதியதும் எல்லா ஊரும் கிடைத்தது. ஆனால் போனில் இருப்பவர் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பதில் உடனே வர வேண்டும் என்று பால் கம்பெனி நெருக்கியதால் சார் அந்த வரியை எடுத்துவிட்டார். சோதனையில் மார்க் குறைந்தது, ஆனாலும் பாஸ்.

ஃபெயில் ஆனவற்றைப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ் வரிசையில் கடைசியில் வரும் ஊர்கள். அதில் ஒன்று வரதாகுப்பம், சத்தியவேடு பக்கம் நான் பிறந்த ஊர். அங்கேயும் மாடு இருக்கிறது சார், அந்த வரியைத் திரும்பப் போடலாம் என்றேன். அதை எடுக்க அவருக்கும் மனசில்லைதான். லைவ் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு எழுந்தார். "லைவ் போனீம்மா, தர்வாத்த சூத்தாம்."

நைனாவின் போன்

நைனா என்றால் அப்பா. லைவ் ஆன வாரமே வரதாகுப்பத்தில் அவருடைய ஒரே கிடாரிக்குத் தலைப்பிரசவம். கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே வந்து நின்றுவிட்டது. நைனா கம்பெனி நம்பருக்குப் போன் செய்திருக்கிறார். பிறகு என் தம்பி பைக்கில் போய் ஒரு டாக்டரைக் கூட்டி வருவதற்குள் கன்று போய்விட்டது. மாடு இன்னும் எழுந்திருக்கவில்லை.

நான் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது நைனா கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னார். நான் வேலை செய்வது அந்த மெஷினுக்குத்தான் என்று அவருக்குத் தெரியாது. "மரியாதையாத்தான் பேசுச்சு கண்ணு. திரும்பத் திரும்ப ஊரு பேரைச் சொன்னேன். அப்படி ஒரு ஊரே இல்லன்னுடுச்சு. அப்போ நான் எங்க குந்திக்கினு பேசிக்கினு இருந்தேன்?"

பாராட்டு

மறுநாள் காலையில் சாரிடம் நைனா சொன்னதை அப்படியே சொன்னேன். அந்த வரியை அவரே திரும்பப் போட்டார். மறுபடி சோதித்தோம், ஓர் ஊரும் விடுபடவில்லை. ரிப்போர்ட்டில் "குறை கண்டறியப்பட்டது, சரி செய்யப்பட்டது" என்று நான்தான் எழுதினேன். கன்றைப் பற்றி எழுத அதில் கட்டம் இல்லை.

சாயங்காலம் பால் கம்பெனி மேடம் மீட்டிங்கில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "லைவ் ஆன வாரமே பிடிச்சிட்டீங்களே, சூப்பர்மா! எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?"

ஆக மொத்தம், எங்கள் டூலுக்கு இப்போது முழு மார்க், எனக்கு ஒரு பாராட்டு மெயில், நைனா வீட்டில் கறக்க ஒன்றும் இல்லை.