ரத்னாபாயின் மூன்று விசில் கதவு

ரத்னாபாய் அக்கா சொல்லும் பொய்கள் பெரும்பாலும் மறுநாள் காலைவரைகூடத் தாங்காது. வீட்டுச் சொந்தக்காரி என்ற முறையில் என்னிடம் அவள் வாரம்தோறும் சொல்லும் "மோட்டார் நாளைக்குச் செரியாயிரும்" அந்த ரகம்தான். ஆனால் அவளுடைய ஒரே ஒரு பொய் மட்டும் முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல எண்ணெய் போட்ட தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது.

அக்கா மார்த்தாண்டத்தில் பிறந்து, கல்யாணமாகித் திருவனந்தபுரத்தில் கரமனைக்கு வந்தவள். கணவர் வளைகுடாவிலிருந்து ஒரு கலர் டிவியும் ஒரு வீடியோ கேம் பெட்டியும் அனுப்பினார். பணம் அனுப்பத்தான் மறந்துவிட்டார். அக்கா உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. இரண்டையும் முன்னறையில் வைத்து, வாசலில் 'டிவி கேம்' என்று அட்டை மாட்டினாள். அந்த முன்னறையில்தான் இப்போது நான் வாடகைக்கு இருக்கிறேன்.

அக்கா தன் வாழ்நாளில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. டிவியில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாது, யார் செத்தான் என்பது மட்டும் தெரியும். மற்ற கடைகளைப் போல மணிக்கணக்கெல்லாம் அவளிடம் கிடையாது. மூன்று உயிர் ஒரு ரூபாய். மூன்றும் போனால் எழுந்திரு, இல்லையென்றால் அடுத்த ரூபாயை எடு.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வியாபாரத்தில் மண் விழுந்தது. வலியசாலைப் பையன் ஒருவன் எங்கிருந்தோ ஒரு ரகசியத்தைக் கொண்டுவந்தான். ஆட்டம் தொடங்குமுன் மேலே மேலே கீழே கீழே என்று ஒரு வரிசையில் பட்டன்களை அமுக்கினால் மூன்று உயிர் முப்பதாகிவிடும். அவன் அதைச் சந்தியாவந்தனம் மாதிரி முணுமுணுத்தபடியே அமுக்குவான். ஒரே வாரத்தில் அந்த மந்திரம் கரமனை முழுக்கப் பரவியது. காலையில் ஒரு ரூபாய் கொடுத்து உட்கார்ந்தவன் மத்தியானம் பசி எடுத்தால்தான் எழுந்தான்.

அக்கா கட்டணத்தை ஏற்றவில்லை. ஏற்றினால் கிள்ளிப்பாலத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அவள் வேறு ஒன்று செய்தாள். எல்லாரும் விழுந்து விழுந்து ஆடிய ஆட்டம் ஒன்று இருந்தது. கேசட்டின் லேபிள் கிழிந்துபோயிருந்ததால் பையன்கள் அதற்கு 'முகமூடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். முகமூடி போட்ட ஒருவன் கத்தியோடு காட்டுக்குள் ஓடுவான். நடுவில் ஓர் அருவி வரும். அந்த அருவிக்குப் பின்னால் ஒரு ரகசியக் கதவு இருக்கிறது என்று ஒரு சாயங்காலம் அக்கா அறிவித்தாள். வளைகுடாவிலிருந்து கணவர் போனில் சொன்னதாகவும் சேர்த்துக்கொண்டாள்.

கதவுக்கு நிபந்தனைகள் உண்டு. முப்பது உயிர் மந்திரம் போட்டவனுக்குத் திறக்காது. கையில் இருப்பது கடைசி உயிராக இருக்கவேண்டும். அருவிக்கு முன்னால் நின்று, எந்தப் பட்டனையும் அமுக்காமல், அக்காவின் சமையலறையில் குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை காத்திருக்கவேண்டும். கை துளி நடுங்கினாலும் போச்சு.

இதில் உள்ள மூளையைப் பாருங்கள். அருவிக்கு முன்னால் சும்மா நிற்பவனை ஆட்டத்தில் வரும் வௌவால்கள் கடித்துக் கொன்றுவிடும். செத்தால் இன்னொரு ரூபாய். விசில் எப்போது வரும் என்பதும் அக்கா கையில்தான் இருந்தது, அடுப்பைக் குறைத்து வைத்தால் தீர்ந்தது. மந்திரத்தை மறந்துவிட்டுப் பையன்கள் வரிசையில் நின்று செத்தார்கள். சில நாளில் ஒருவன் கதவு திறந்துவிட்டது என்று வந்து சொன்னபோது அக்காவுக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் புரிந்தது, அவனும் அவளைப் போலவே பொய் சொல்லும் ஆள் என்று.

கடை மூடி எத்தனையோ காலம் ஆயிற்று. போன மாதம் நான் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் பிஜு என்பவன் பழைய வீடியோ கேம்களைப் பற்றிப் பேசுகிறவன். 'மூன்று விசில் கதவு: நான் கண்டுபிடித்த ரகசியம்' என்று முக்கால் மணி நேரம் பேசியிருந்தான். கரமனையில் ஒரு வீட்டில் சின்ன வயதில் தானே யோசித்துக் கண்டுபிடித்தானாம். கீழே ஆயிரக்கணக்கில் கருத்துகள். மூன்று விசில் என்பது ஆட்டத்தின் பின்னணி இசையில் ஒளிந்திருக்கும் புல்லாங்குழல் என்று ஒருவர். இல்லை, அது ஜப்பானில் ஓடும் ரயிலின் கூவல் என்று இன்னொருவர்.

அதை அக்காவிடம் காட்டியது என் தப்பு. "மூக்கொழுகி பிஜுவா இது?" என்று கேட்டுக்கொண்டே பார்க்க ஆரம்பித்தவள், பாதியில் போனைக் கட்டிலில் எறிந்தாள்.

"எனக்க பொய்யாக்கும் அது! அந்தச் சவம் அவனுக்குள்ளதுன்னு சொல்லுதான். ரயிலாம்! எனக்க குக்கரைப் பிடிச்சு ரயிலுங்குதான்!"

"அக்கா, அது உங்க பொய்னு சொன்னா, பிள்ளைங்களை ஏமாத்தினதும் நீங்கதான்னு ஆகுமே?"

"ஏமாத்தினதுதான். ஏமாத்தவும் மூளை வேணும் பிள்ளே."

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் பொய் தன்னுடையது என்று நாலு பேர் முன்னால் ஒருவனாவது ஒப்புக்கொள்ளவேண்டும். வேறு எதையும் தன் தலையிலிருந்து உருவாக்கியதாக அவளுக்கு நினைவில்லை. சிரிக்கலாம் என்று நினைத்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

கழக்கூட்டத்தில் பிஜு நடத்திய ரசிகர் கூட்டத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஹால் முழுக்க நாற்பது வயதுத் தொப்பைகள். எல்லாருடைய பனியனிலும் ஏதாவது ஒரு கார்ட்டூன். பிஜு அக்காவை அடையாளம் கண்டு ஓடிவந்தான், காலைத் தொட்டான், பொன்னாடை போர்த்தினான். "நம்மட ரத்னச்சேச்சி! கதவு இருந்த கடையுடெ ஓனர்!" என்று மைக்கில் கத்தினான். கைதட்டல் அடங்குமுன் அக்கா மைக்கைப் பிடுங்கிவிட்டாள்.

"கதவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் சொன்ன பொய்யாக்கும் அது. குக்கரு எனக்கது. விசிலும் எனக்கது. உள்ள வெந்தது மரச்சீனிக்கிழங்கு."

பிஜு மெதுவாகச் சிரித்தான். "சேச்சிக்கு வயசாயல்லோ, மறந்துபோயிருக்கும். ஞான் என்டெ கண்ணு கொண்டு கண்டதாணு."

அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்தார்கள். தானும் பார்த்ததாக ஒருவர் சொன்னார். உள்ளே தங்கக் குடங்கள் இருந்தன என்றார். குடமில்லை, வெள்ளைப் புடவையில் ஒரு பெண் நின்றாள் என்று இன்னொருவர் சண்டைக்குப் போனார். கையில் விளக்கு வைத்திருந்தாளா இல்லையா என்பதில் பின்வரிசை இரண்டாகப் பிரிந்தது. அக்கா தொண்டை கிழியக் கத்தினாள், யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் பொறுக்கமாட்டாமல், "கதவு தொறந்தவன் எவன் எவன், கையைத் தூக்குங்கலே பாப்போம்!" என்று அதட்டினாள்.

ஹாலே கையைத் தூக்கியது. தான் பெற்ற பொய் தன் கண் முன்னாலேயே வேறு வீட்டுப் பிள்ளையாகிவிட்டதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பாவமாக இருந்தது.

ஓரமாக ஒருவர் மட்டும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார். கறுத்து ஒல்லியான ஆள். அவர் எழுந்து நேரே அக்காவிடம் வந்தார்.

"அக்கா, என்னைத் தெரியுதா? நேசையன். ஆத்துக்கரைல குடியிருந்த கொத்தனார் மகன். இப்ப விழிஞ்ஞம் போர்ட்டுல கிரேன் ஓட்டுதேன்."

"தெரியலியே மக்கா."

"எனக்குத் தொறக்கல அக்கா."

அவர் தாழ்ந்த குரலில் பேசினார், அக்கா கையிலிருந்த மைக் அதையும் விடாமல் வாங்கி ஹாலுக்குச் சொன்னது.

"ஒரு பெரிய லீவு முழுக்க வந்து நின்னேன். கூட வந்தவனுக்கெல்லாம் தொறந்துச்சுன்னு சொன்னானுவ. எனக்கு மட்டும் தொறக்கல. கை நடுங்குது, அதான்னு நெனச்சேன். அதுக்குப் பொறவு எது கைவிட்டுப் போனாலும் எனக்கு அந்த அருவிதான் ஞாபகம் வரும். எல்லாவனுக்கும் தொறக்குது, நம்ம கையிலதான் ஏதோ கொறைன்னு தோணும். இன்னைக்கும் பிஜுகிட்ட அதைக் கேக்கத்தான் வந்தேன். எப்படிடே நீ மட்டும் கை நடுங்காம நின்னேன்னு."

"இல்லாத கதவுல்லா மக்கா," என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது. "எப்படித் தொறக்கும்?"

"சத்தியமாவா?"

"சத்தியமா. நான் சொன்ன பொய் அது. நான்தான் சொன்னேன்."

நேசையன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஹாலைப் பார்த்தார். தூக்கிய கைகள் பலவும் இன்னும் மேலேயே இருந்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். கைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இறங்கின. தங்கக் குடத்துக்காரர் தலை சொறிவதுபோல இறக்கினார். பிஜு மேடையில் நின்றபடி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தான், பிறகு அவனும் இறக்கிவிட்டான்.

அக்கா வந்த காரியம் முடிந்தது. பொய் அவளுடையது என்று ஹாலே ஒப்புக்கொண்டுவிட்டது. அதை அனுபவிக்கிற நிலையில் அவள் இல்லை. பொன்னாடையை உருவி நாற்காலியில் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். நேசையன் பின்னாலேயே வந்து, நான் ஸ்கூட்டரை எடுக்கும்வரை நின்றார். "தேங்க்ஸ் அக்கா" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்தார்.

நான் வண்டி ஓட்டினால் அக்கா பின்னாலிருந்து பிரேக், ஹார்ன், வளைவு என்று வாய் மூடமாட்டாள். அன்றைக்குக் கரமனைப் பாலம் வரும்வரை சத்தமே இல்லை. தூங்கிவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"தேங்க்ஸுன்னு சொல்லிட்டான் பாவி," என்றாள். "ரெண்டு ஏச்சு ஏசியிருக்கலாம் அவன்."